சாவிவளையத்தில் தொங்கும் பழைய மின்னணு விளையாட்டுகள்: தேர்ந்தெடுக்கவும் பழுதுநீக்கவும் ஒரு வழிகாட்டி

குன்பே யோகோய் வடிவமைத்து, 1980 முதல் 1991 வரை நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கேம் அண்ட் வாட்ச் வரிசை விளையாட்டுகள் பிறக்கும்போதே சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில்தான் இருந்தன. அவற்றை இன்னும் சுருக்கி, ஒரு மூலையில் வளையம் கோத்து, 1998 முதல் நின்டெண்டோ மினி கிளாசிக்ஸ் என்ற பெயரில் உரிமம் பெற்ற பொம்மை நிறுவனங்கள் விற்றன. ஆக்டோபஸ், ஃபயர், பாராசூட், டாங்கி காங் ஜூனியர் ஆகியவை அவ்வாறே சாவிக்கொத்துக்கு வந்து சேர்ந்தன. ரால்ஃப் பேரும் ஹோவர்ட் மாரிசனும் உருவாக்கி, 1978இல் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட சைமன் என்ற, ஒளியும் ஒலியும் வரும் வரிசையை நினைவில் வைத்துத் திரும்ப அழுத்தும் விளையாட்டு, உள்ளங்கை முழுவதாலும் அடித்து விளையாடிய அளவிலிருந்து விரல்நுனியால் அழுத்தும் அளவுக்குச் சுருங்கியது. திரைக்குள் செல்லப்பிராணி வளர்க்கும் பண்டாய் நிறுவனத்தின் டமகோட்சியோ 1996இல் முதன்முதலில் வந்தபோதே சங்கிலியோடுதான் வந்தது. பிற்காலத்தில் அதற்கும் அதைவிடச் சிறிய பதிப்புகள் உண்டாயின.

இவற்றை வாங்குவோரில் பலர் சில நாள் விளையாடிவிட்டு, திரை மங்கியதும் பழுதாகிவிட்டது என்று எறிந்துவிடுகிறார்கள், அல்லது அலங்காரப் பொருளாகத் தொங்கவிடுகிறார்கள். அது தேவையற்ற இழப்பு. இந்த விளையாட்டுகளின் உள்ளே இருக்கும் சிப்பும் கண்ணாடித் திரையும் எளிதில் கெடுவதில்லை. பெரும்பாலும் கெடுபவை ஒன்றையொன்று வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும் இடங்கள் மட்டுமே. மின்கலம் தகட்டைத் தொடும் இடம், பொத்தானின் கரி முனை மின்சுற்றுப் பலகையைத் தொடும் இடம், திரை பலகையைத் தொடும் இடம் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ளத் தெரிந்தால், செயலிழந்ததாகத் தோன்றும் விளையாட்டுகளில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். பொருள் சிறிதாகச் சிறிதாக இந்தத் தொடுமுனைகளின் பரப்பும் சுருங்குகிறது என்பதால், மூல விளையாட்டுக்குப் பொருட்டாகாத ஓர் அழுக்குத் துகள் சாவிக்கொத்துப் பதிப்பை நிறுத்திவிடக்கூடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த மூன்று இடங்களைச் சுற்றியே அமைகிறது.

வாங்குவதற்கு முன்

முதலில் திரையின் வகையைப் பார்க்க வேண்டும். கேம் அண்ட் வாட்ச் போன்றவற்றில் ஒவ்வோர் உருவமும், அதன் ஒவ்வொரு நிலையும், கண்ணாடியின் மேல் ஒளி ஊடுருவும் மின்முனைகளாக முன்பே பதிக்கப்பட்டிருக்கும். கடலில் மூழ்குபவனின் கை எந்த இடத்தில் தோன்ற வேண்டும் என்பது வரைபவரால் ஒருமுறை முடிவுசெய்யப்பட்டுவிட்டது. சிப் செய்வதெல்லாம் அந்த உருவத்தை இருட்டாக்குவதும் விடுவதுமே. இந்த விளையாட்டுகளின் அழகு அந்த ஓவியத்தில் இருக்கிறது. ஆகவே அவற்றின் மறுபதிப்பை வாங்கும்போது, அணைத்து வைத்த திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எல்லா உருவங்களின் மெல்லிய வரையோட்டமும் ஒருசேரத் தெரிந்தால் அது மூலத்தின் முறையையே பின்பற்றியது. சிறு சதுரங்களின் கட்டம் தெரிந்தால், வேறொரு பொதுவான திரையில் அந்த விளையாட்டைப் போலச் செய்து காட்டுகிறார்கள் என்று பொருள். டமகோட்சிக்குச் சதுரக் கட்டமே இயல்பானது. ஃபயர் விளையாட்டுக்கு அது பொருந்தாது. மாட்டெல் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஆட்டோ ரேஸும் 1977இல் வெளியிட்ட ஃபுட்பாலும் திரையே இல்லாமல் சிவப்பு எல்இடி விளக்குகளால் மட்டும் இயங்கியவை. அவற்றின் சிறு பதிப்பு எதுவாயினும், விளக்குகள் உண்மையாகவே ஒளிர்கின்றனவா, அல்லது எல்சிடி எனப்படும் திரவப் படிகத் திரையில் சிவப்புத் தாள் ஒட்டி ஒப்பேற்றியிருக்கிறார்களா என்பதைக் கேட்டறிந்த பிறகே வாங்குவது நல்லது.

அடுத்தது விளையாட்டின் வேகம். மூல கேம் அண்ட் வாட்ச் ஒரு கடிகாரமும் ஆதலால், அதனுள் நொடிக்கு 32,768 முறை துடிக்கும் குவார்ட்ஸ் படிகம் இருந்தது. அந்த எண் இரண்டின் பதினைந்தாவது அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். மலிவான பொம்மைகளில் படிகத்துக்குப் பதிலாக ஒரு மின்தடையைக் கொண்டே துடிப்பை உண்டாக்குவது வழக்கம். அத்தகைய துடிப்பு மின்னழுத்தம் குறையும்போதும் வெப்பநிலை மாறும்போதும் மாறிவிடும். அதனால் விளையாட்டின் வேகமும் ஒலியின் சுருதியும் நிலையாக இரா. நேரம் காட்டும் வசதியுள்ள மறுபதிப்பில், கடிகாரத்தைச் சரிசெய்து ஒரு நாள் வைத்துப் பார்ப்பதே எளிய சோதனை. ஒரே நாளில் பல நிமிடங்கள் விலகினால் உள்ளே படிகம் இல்லை என்று கொள்ளலாம். இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை; எனினும் மூலத்தை விளையாடிப் பழகியவரின் கைக்கு அதன் தாளம் மனப்பாடமாக இருக்கும் என்பதால், உருவத்தின் துல்லியத்தைவிட வேகத்தின் துல்லியமே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. விதிகளையும் ஒப்பிடலாம்: பல கேம் அண்ட் வாட்ச் விளையாட்டுகளில் 200 புள்ளியையும் 500 புள்ளியையும் தொடும்போது அதுவரை செய்த தவறுகள் அழிக்கப்பட்டன. மறுபதிப்பு அதைக் கடைப்பிடிக்கிறதா என்று பார்ப்பது அதன் தரத்தை விரைவில் காட்டிவிடும்.

உரிமம் பெற்ற பதிப்பில், மூல நிறுவனத்தின் பெயரும் உரிமை வாசகமும் பின்புறத்திலோ அட்டையிலோ அச்சாகியிருக்கும். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் ஒன்றில் அடங்கியிருப்பதாகச் சொல்லும், கட்டைகள் விழுந்து அடுக்கும் வகைப் பொம்மைகள் மறுபதிப்புகள் அல்ல. அவற்றைத் தனியொரு வகையாகவே கருத வேண்டும்.

பயன்படுத்தியதை வாங்குவதாயின், மின்கல அறையைத் திறந்து எடுத்த படத்தைக் கட்டாயம் கேளுங்கள். வெளித்தோற்றம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அந்த ஒரு படமே விளையாட்டின் உண்மை நிலையைச் சொல்லும். நேரில் வாங்கும்போது, பின்புறமுள்ள சிறு துளைக்குள் மழுங்கிய முனையால் மீளமைப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான கருவிகள் அப்போது எல்லா உருவங்களையும் ஒரு கணம் ஒன்றாகக் காட்டும். அந்தக் கணத்தில் எந்த உருவம் விடுபடுகிறது என்பதைக் குறித்துக்கொண்டால், பின்னால் பழுதுநீக்கும்போது பெரிதும் உதவும்.

மின்கலம்

இந்தப் பொம்மைகளைக் கெடுக்கும் முதல் காரணம் விளையாடுவது அல்ல, விளையாடாமல் மின்கலத்தை உள்ளேயே விட்டுவைப்பது. பெரும்பாலானவை எல்ஆர்44 வகைப் பட்டன் செல்களால் இயங்குகின்றன. இதன் விட்டம் 11.6 மி.மீ., உயரம் 5.4 மி.மீ.; ஏஜி13 என்ற பெயரிலும் இதே செல் விற்கப்படுகிறது. எல்ஆர்43 என்பதும் இதே விட்டமுடையது. ஆனால் உயரம் 4.2 மி.மீ. மட்டுமே. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால், அறைக்குள் செல் ஆடிக்கொண்டு, சில நேரம் இயங்கியும் சில நேரம் நின்றும் குழப்பும். மிகச் சிறியவற்றில் 7.9 மி.மீ. விட்டமுள்ள எல்ஆர்41 இருக்கும். இன்னும் சிலவற்றில் 20 மி.மீ. விட்டமுள்ள சிஆர்2032 லித்தியம் செல் இருக்கும். அது ஒன்றே 3 வோல்ட் தரும்.

எல்ஆர்44 போடும் இடத்தில் எஸ்ஆர்44 என்ற செல்லைப் போடுவதையே நான் பரிந்துரைக்கிறேன். அளவு இரண்டுக்கும் ஒன்றுதான், வேதிப்பொருள் வேறு. எல்ஆர் வகை அல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கி, பயன்படுத்தப் பயன்படுத்தச் சரிந்துகொண்டே போகும். எஸ்ஆர் வகையில் சில்வர் ஆக்சைடு இருப்பதால், அது 1.55 வோல்ட்டைக் கிட்டத்தட்டக் கடைசிவரை தாங்கி, பிறகு சட்டென இறங்கும். எல்சிடி உருவத்தின் கருமை மின்னழுத்தத்தைப் பொறுத்தது ஆதலால், முதல் வகையில் உருவங்கள் நாளுக்கு நாள் வெளிறும், இரண்டாவது வகையில் இறுதிவரை ஒரே சீராக இருக்கும். மின்தடையால் துடிக்கும் மலிவான சிப் உள்ள பொம்மைகளில், வேகமும் சுருதியும் இதனாலேயே நிலைபெறும். அதோடு, சில்வர் ஆக்சைடு செல் கசிவது அரிது. விலை கூடுதல்தான், ஒரு தகடு அரிக்கப்பட்டால் ஏற்படும் உழைப்போடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

ஒன்றுக்கு மேற்பட்ட செல்கள் இருந்தால், மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால், வலுவிழந்த செல்லுக்குள் மின்னோட்டம் வலுவில் செலுத்தப்பட்டு அது கசியும். புதிய செல்லின் தட்டையான முகங்களை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, விளிம்பைப் பிடித்து உள்ளே வையுங்கள். விரல் எண்ணெய் இவ்வளவு சிறிய தொடுமுனைக்குத் தடையாகலாம். உலோக இடுக்கியால் செல்லின் இரு முகங்களையும் சேர்த்துப் பிடித்தால் அது குறுக்குச்சுற்றாகிவிடும். பிளாஸ்டிக் முனையுள்ள இடுக்கி நல்லது. செல் போட்டதும் திரையில் பொருளற்ற உருவங்கள் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை: மின்னழுத்தம் தடுமாறி ஏறியதால் சிப் சரியாகத் தொடங்கவில்லை, அவ்வளவே, மீளமைப்புத் துளையை ஒருமுறை அழுத்தினால் சரியாகிவிடும். இவற்றில் பெரும்பாலானவற்றின் நினைவகம் மின்சாரம் இருக்கும்வரையே நிலைக்கும் என்பதால், செல்லைக் கழற்றுமுன் அதிகப் புள்ளிக் கணக்கைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கியதில் பிளாஸ்டிக் நாடா ஒன்று செல்லுக்கும் தகட்டுக்கும் இடையே செருகப்பட்டிருக்கும். அதை இழுக்கும்போது நடுவே அறுந்து, துணுக்கு உள்ளேயே தங்கிவிட்டால், புத்தம் புதிய பொம்மையே இயங்காது.

கசிவு ஏற்பட்டிருந்தால், தகட்டின்மேல் வெள்ளைப் பொருக்கோ, நீலப்பச்சைக் களிம்போ படிந்திருக்கும். அல்கலைன் செல்லிலிருந்து வெளியேறுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது தோலையும் கண்ணையும் எரிக்கும் காரம் என்பதால் கையுறை அணிந்துகொள்ள வேண்டும். பஞ்சுக்குச்சியை வெள்ளை வினிகரில் தொட்டு, சொட்டாதபடி பிழிந்து, படிவின்மேல் ஒற்றுங்கள். சிறு நுரை எழுந்து அடங்கும். பிறகு நீரில் நனைத்துப் பிழிந்த குச்சியால் வினிகரைத் துடைத்தெடுத்து, இறுதியாக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். வினிகரை அங்கேயே விட்டுவிட்டால், அமிலமும் உலோகத்தை அரிக்கும். தகடு இன்னும் மங்கலாக இருந்தால், பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகள்களை ஊதி அகற்றுங்கள். தகடு தளர்ந்திருந்தால், செல்லை அழுத்திப் பிடிக்கும் அளவுக்கு அதைச் சற்றே வெளிப்புறம் வளைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் பலர் மறக்கிறார்கள்: கசிந்த திரவம் எதிர்முனைக் கம்பியின் உறைக்குள் ஊர்ந்து சென்று, உள்ளிருக்கும் செம்பைக் கறுக்கச் செய்யும். தகடு பளிச்சென்று இருந்தும் பொம்மை இயங்காவிட்டால், அந்தக் கம்பியை மாற்றிப் பற்றவைக்க வேண்டியிருக்கலாம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை. பட்டன் செல்லை விழுங்கினால், அது உணவுக்குழாயில் தங்கி, அதன் மின்னோட்டத்தால் அங்கே காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே திசுவை எரித்துவிடக்கூடும், 20 மி.மீ. லித்தியம் செல்கள் இவ்வகையில் மிகவும் கொடியவை. விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்கவைக்க முயலாமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மின்கல மூடியின் திருகாணி தொலைந்துபோன பொம்மையை, அது கிடைக்கும்வரை குழந்தையின் கையில் கொடுக்கவே கூடாது.

திறந்து சுத்தம் செய்தல்

செல் நன்றாக இருந்தும் பழுது நீங்கவில்லையெனில் உறையைத் திறக்க வேண்டும். திருகாணித் தலையில் சரியாகப் பொருந்தும் மிகச் சிறிய திருப்புளியை மட்டுமே பயன்படுத்துங்கள். சில திருகாணிகள் ஒட்டுத்தாளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் உறை பிரியாவிட்டால், வலிந்து பிரிக்காமல் அதைத் தேடுங்கள். பின்பாதியை மெல்லத் தூக்கி, புத்தகம்போல் பக்கவாட்டில் விரிக்க வேண்டும். ஏனெனில் மின்கல அறையிலிருந்தும், ஒலியெழுப்பும் மெல்லிய பித்தளை வில்லையிலிருந்தும் வரும் மயிரிழைக் கம்பிகள் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.

உள்ளே பார்த்ததும் பலகையின் நடுவே ஒரு கறுப்புப் பிசின் மேடு தெரியும். சிப் அதனடியில் நேரடியாகப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைத் தொடவேண்டிய தேவையே இல்லை.

பொத்தான் சரியாக வேலை செய்யவில்லையெனில், அதன் அடியிலுள்ள ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே ஒரு கரிவட்டம் இருக்கும். அழுத்தும்போது அது பலகையில் சீப்புப் பற்களாய்ப் பின்னியிருக்கும் இரு தடங்களையும் இணைக்கிறது. பலகையின் தடத்தை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். கரிவட்டத்தையோ மிக இலேசாக ஒற்றியெடுப்பதே போதும். அழுத்தித் தேய்த்தால் கரி உதிர்ந்து, பிறகு அந்தப் பொத்தான் என்றைக்குமே இயங்காது.

திரையில் சில உருவங்கள் மட்டும் காணாமல் போயிருந்தால், காரணம் பெரும்பாலும் வரிக்குதிரைப் பட்டை எனப்படும் இணைப்பு ரப்பரே. கடத்தும் அடுக்கும் கடத்தாத அடுக்கும் மாறி மாறி அமைந்த மெல்லிய சிலிக்கோன் பட்டை அது. கண்ணாடியின் விளிம்புக்கும் பலகையின் தடங்களுக்கும் இடையில், திருகாணிகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. பலகையைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை எடுத்து, அதன் நீள விளிம்புகளையும், கண்ணாடியின் ஓரத்தையும், பலகையின் தடங்களையும் ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்ததும், எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வையுங்கள். பட்டை கோணலாக உட்கார்ந்தால், முன்பு இல்லாத குறைகள் புதிதாகத் தோன்றும். உறையை மூடுவதற்கு முன்பே செல்லைப் போட்டு, பலகையை விரலால் அழுத்தி, எல்லா உருவங்களும் வருகின்றனவா என்று பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். சில விளையாட்டுகளில் பட்டைக்குப் பதிலாக, வெப்பத்தால் ஒட்டப்பட்ட மெல்லிய நாடா இருக்கும். அதை உரித்தால் மறுபடி ஒட்டுவது மிகக் கடினம். ஆகவே அத்தகைய பலகையைக் கண்ணாடியிலிருந்து பிரிக்காமலேயே வேலையை முடியுங்கள்.

மூடும்போது, திருகாணியைத் துளையில் வைத்து முதலில் இடப்புறமாக, தளர்த்தும் திசையில், மெல்லச் சுற்றுங்கள். பிளாஸ்டிக்கில் முன்பே வெட்டப்பட்ட மரையின் தொடக்கத்தில் அது இலேசாக விழுவதைக் கை உணரும்; அதன்பின் முறுக்கினால், பழைய மரையிலேயே செல்லும். இதைச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டினால், சில தடவைகளிலேயே துளை பெரிதாகி, திருகாணி பிடிக்காமல் போய், பட்டையின் மேலுள்ள அழுத்தமும் குறைந்து, உருவங்கள் மீண்டும் மறையத் தொடங்கும். எல்லாத் திருகாணிகளையும் பாதிவரை முறுக்கி, பின்பு எதிரெதிர் மூலைகளாக இறுக்கினால் அழுத்தம் சீராகப் பரவும்.

திரை

வெயிலில் நின்ற வாகனத்துக்குள் வைத்த விளையாட்டின் திரை முழுதும் கறுத்துவிட்டால் உடனே கைவிட வேண்டாம். வெப்பம் மிகும்போது திரவப் படிகம் தன் ஒழுங்கை இழக்கிறது. குளிர்ந்ததும் தானே மீளும். குளிர்ந்த பின்னும் கறை நீங்காவிட்டால், கண்ணாடியின் இருபுறமும் ஒட்டியுள்ள, ஒளியை ஒரே தளத்தில் மட்டும் ஊடுருவவிடும் ஒளித்தளத் தாள்களில் (போலரைசர்) ஒன்று சுட்டுப்போயிருக்கிறது என்று பொருள். முன்புறத் தாளை மாற்ற முடியும்: பழையதை ஒரு மூலையிலிருந்து கண்ணாடி நோகாமல் உரித்து, எஞ்சிய பசையை ஆல்கஹாலால் நீக்கி, புதிய தாளைத் திரைமேல் வைத்துச் சுழற்றி, உருவங்கள் கறுப்பாகவும் பின்னணி வெளிச்சமாகவும் தெரியும் கோணத்தைக் குறித்து, அதற்கேற்ப வெட்டி ஒட்ட வேண்டும். சாவிக்கொத்துப் பதிப்புகளின் கண்ணாடி மிக மெல்லியது என்பதால், முதன்முறை செய்பவர் ஏற்கெனவே பாழான ஒரு மலிவுக் கால்குலேட்டரில் பழகிய பிறகு இதில் கைவைப்பது நல்லது.

திரைக்கு மேலுள்ள பிளாஸ்டிக் மூடி வேறு பொருள். அதன்மேல் ஆல்கஹால் பட்டால், நுண்ணிய வெடிப்புகள் விழுந்து மங்கிவிடும். அச்சிட்ட ஓவியமும் கரையலாம். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியே அதற்குப் போதும். கீறல்களுக்குப் பிளாஸ்டிக் மெருகுப் பசை உதவும்; அச்சு இல்லாத பகுதியில் மட்டும் தேய்க்க வேண்டும்.

உடன் கொண்டுசெல்லுதல்

சாவிக்கொத்து என்ற பெயர் இருந்தாலும், இவற்றைச் சாவிகளோடு ஒரே வளையத்தில் கோப்பதை நான் ஏற்பதில்லை. சாவிகளின் பற்கள் திரையைக் கீறும். கொத்தின் எடை, உறையின் மூலையிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் துளையை நாளடைவில் உடைக்கும். அந்தத் துளை உடைந்தால் ஒட்டுவது நிலைக்காது. பையின் உட்பக்க ஜிப்பில், சுழலும் கொக்கியோடு கூடிய குட்டை நூல்கயிற்றால் மாட்டுவதே பாதுகாப்பானது. மணிச்சங்கிலி இழுபட்டால் தானே திறந்துகொள்ளும் என்பதால் அதை மாற்றிவிடுங்கள். பொத்தான் தானாக அழுந்தி மின்கலம் வீணாகாமலிருக்க, ஒரு சிறிய துணிப்பை போதும்.

சில மாதங்கள் விளையாடப்போவதில்லையெனில் செல்களைக் கழற்றி, விளையாட்டையும் செல்களையும் தனித்தனியே, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். எந்த வகைச் செல், எத்தனை, எந்தத் தேதியில் போட்டது என்று ஒரு தாளில் குறித்து அத்துடனே வைப்பது, அடுத்த முறை திறப்பவருக்கு உதவும். தீர்ந்த செல்களின் இருமுகத்திலும் ஒட்டுநாடா சுற்றி, குழந்தைகளுக்கு எட்டாத மூடிய புட்டியில் சேர்த்துவைத்து, மின்கலங்களைப் பெற்றுக்கொள்ளும் சேகரிப்பு இடத்தில் ஒப்படையுங்கள்.